ஏழு மணி டோன்

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்யும்போது கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாம் விலைபேசிப் போன பிறகு, என்னவென்று யாருக்கும் தெரியாத சில சாமான்கள் மூலையில் மிஞ்சும். போன வருஷம் ஐப்பசி மழையில் அப்படி ஒரு மூலையிலிருந்து எனக்குக் கிடைத்தது இந்த கிட்டார் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர். மஞ்சள் பழுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி, தோல் கைப்பிடி, 8 இன்ச் ஸ்பீக்கர், மேலே ஒரே ஒரு வால்யூம் குமிழ். பின்பலகையைக் கழற்றினால் மூன்று வால்வுகள், பழைய ரேடியோக்களில் சூடாகி ஒளிருமே அந்தக் கண்ணாடிக் குழாய்கள்: 12ஏஎக்ஸ்7, 6வி6, 5ஒய்3. கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. ஃபெண்டர் கம்பெனி 1950களின் பிற்பகுதியில் செய்த சாம்ப் ஆம்ப்பின் 5எஃப்1 சுற்றைப் பார்த்து யாரோ கையால் கட்டியது. பொறுமையான கை அது. ஒவ்வொரு ஈயப்பற்றும் இன்னும் பளபளவென்று இருந்தது. வயர்கள் எல்லாம் சேசிஸ் என்ற உலோகச் சட்டத்தின் மூலையை ஒட்டி, நேர்கோட்டில் ஓடி, திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும் திரும்பின.

இந்தச் சுற்றைவிட எளிமையான கிட்டார் ஆம்ப் கிடைப்பது கஷ்டம். 12ஏஎக்ஸ்7 ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரயோடு, அதாவது சிக்னலைப் பெருக்கும் இரண்டு பகுதி. கிட்டார் சிக்னல் முதல் டிரயோடில் பெருகி, வால்யூம் குமிழைத் தாண்டி, இரண்டாவதில் இன்னொரு தடவை பெருகி, 6வி6க்குப் போகும். அங்கிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். ஏசியை டிசி ஆக்குவது 5ஒய்3. டோன் குமிழ்கூடக் கிடையாது. சத்தம் ஏறக்குறைய 5 வாட். வால்வு ரேடியோ பழுது பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இருக்காது. ரேடியோவின் ஆடியோ பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பெட்டியில் போட்டது மாதிரிதான். இவ்வளவு குறைவான பொருட்கள் இருப்பதால் எதைத் தொட்டாலும் காதுக்குத் தெரிந்துவிடும். டோனை மாற்றிப் பழக இதைவிட நல்ல ஆம்ப் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முதல் நாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீங்கியிருந்த மூன்று எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். இரண்டு பின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு மூன்று பின் போட்டு, எர்த்தை சேசிஸோடு போல்ட் வைத்து இறுக்கினேன். வால்வு சாக்கெட்டில் பச்சை பூத்திருந்த பின்களைச் சுத்தம் செய்தேன். பிறகு 60 வாட் குண்டு பல்ப் போட்ட சீரிஸ் போர்டில் சொருகினேன். பல்ப் பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கியது. உள்ளே ஷார்ட் எதுவும் இல்லை என்று அர்த்தம். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் கிளிப் வைத்து ஒரு வயர் செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதை மாட்டி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போகும். எத்தனை வருஷப் பழக்கம் இருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

எங்கள் கோயில் பாடகர் குழுவின் பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கும். ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, நான் கிட்டார், பாடுகிறவர்கள் ஆறேழு பேர். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கான பயிற்சி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அந்தச் சனிக்கிழமையே இந்த ஆம்ப்பை வைத்து வாசித்தேன். தபேலா வாசிக்கும் தம்பி கையை நிறுத்திவிட்டு, "அண்ணே, இது பேசுதுண்ணே" என்றான். உண்மைதான். மெதுவாக மீட்டினால் சுத்தமாக வந்தது. கொஞ்சம் அழுத்தினால் ஸ்வரத்தின் ஓரத்தில் ஒரு கரகரப்பு ஏறி, அடுத்த ஸ்வரத்துக்கு வழிவிட்டு இறங்கியது. வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததும் விரலுக்கிடையில் இழுபடுமே, அந்த மாதிரி ஒரு இழுப்பு. வால்யூம் ஆறில் இருந்தது. சாக்பீஸால் அந்த இடத்தில் கோடு போட்டு வைத்தேன்.

அன்று ராத்திரி எல்லாரும் போன பிறகு, பதினோரு மணிக்கு மறுபடி ஆன் செய்தேன். அதே கிட்டார், அதே கேபிள், அதே கோடு. ஆனால் டோன் அது இல்லை. விறைப்பாக, உரக்க, மேல் ஸ்ட்ரிங்குகள் காதைக் கிழிப்பது போல இருந்தது. அழுத்தினால் கரகரப்பு வராமல் சத்தம் மட்டும் ஏறியது. வீடு அமைதியாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்று முதலில் நினைத்தேன். அடுத்த நாள், அதற்கடுத்த நாள், வேலை முடித்து ராத்திரி உட்கார்ந்தபோதெல்லாம் அதே விறைப்பு. சனிக்கிழமை வந்ததும் மறுபடி அந்த இனிமை.

சரி, ஏதோ ஒரு பொருள் சூடானால் மதிப்பு மாறுகிறது என்று முடிவு செய்துகொண்டு மாற்ற ஆரம்பித்தேன். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றினேன். பிளேட் ரெசிஸ்டர்களை, 100 கிலோ ஓம், கார்பனிலிருந்து மெட்டல் ஃபிலிமுக்கும் திரும்பக் கார்பனுக்கும் மாற்றினேன். 12ஏஎக்ஸ்7 இடத்தில் பழைய ஸ்டாக் ஈசிசி83 ஒன்றை மாட்டினேன். இரண்டும் ஒரே வால்வுதான், அமெரிக்காவில் ஒரு பெயர், ஐரோப்பாவில் ஒரு பெயர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் இந்த வால்வைத் தயாரித்தது. நம்மூர்ப் பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றியவை இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன. அருமையான வால்வு. அதை மாட்டிய அன்று டோன் தேனாக இருந்தது. மூன்று நாள் கழித்து அதே வால்வு காதைக் கிழித்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து கூரியரில் வரவழைத்த பொருட்களுக்கே கணிசமான தொகை போய்விட்டது.

விடை என் நோட்டிலேயே இருந்தது. எந்தப் பழுது பார்த்தாலும் தேதி, மணி, செய்த வேலை, காதில் பட்டது என்று நான்கு பத்தி போட்டு எழுதுவது என் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று வாரக் குறிப்புகளை மொத்தமாகப் படித்தேன். "நன்று" என்று எழுதியிருந்த வரிகளுக்கு நேரே இருந்த மணி: 6.40, 7.15, 7.00, 7.50. "விறைப்பு" என்று எழுதியிருந்தவற்றுக்கு நேரே: 10.45, 11.10, 11.30, ஒன்று மட்டும் காலை 5.30. எந்த கெப்பாசிட்டர், எந்த வால்வு என்பதற்கும் டோனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மணிக்கும் டோனுக்கும்தான் தொடர்பு.

எங்கள் வீடு இருப்பது மின்லைனின் கடைசி கம்பத்தில். சாயங்காலம் ஆறு மணி ஆனால் மேலே இருக்கும் லாட்ஜுகளிலும் காட்டேஜுகளிலும் கீசர், ரூம் ஹீட்டர் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். மார்கழிக் குளிரில் கேட்கவே வேண்டாம். இழுக்கும் கரண்ட் கூடக் கூட வயரில் வோல்டேஜ் விழும். கடைசி கம்பத்தில் அதிகமாக விழும். டியூப்லைட் கண் சிமிட்டும், மிக்சி முனகும், இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். பத்து மணிக்கு மேல் ஊர் போர்வைக்குள் போனதும் வோல்டேஜ் எழும்பிவிடும். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு ப்ளக் பாயின்ட்டில் மீட்டர் வைத்தேன். 208. ராத்திரி பதினொன்றுக்கு 247.

ஆம்ப்புக்குள்ளும் அளந்தேன். ஏழு மணிக்கு ரெக்டிஃபையரான 5ஒய்3ஐத் தாண்டி வரும் ஹெச்.டி., அதாவது வால்வுகள் வேலை செய்யத் தேவையான உயர் டிசி வோல்டேஜ், 313 வோல்ட். வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்ட்டில் 5.95. பதினொன்றுக்கு ஹெச்.டி. 372, ஃபிலமென்ட் 7.05. ஒரே ஆம்ப் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு ஆம்ப். ஹெச்.டி. குறைவாக இருக்கும்போது 6வி6 சீக்கிரமே தன் எல்லையைத் தொடும், தொடும் இடமும் மழுங்கலாக இருக்கும். அதுதான் அந்தப் பாகுப்பதம். 60 வோல்ட் ஏறியதும் அதே வால்வுக்கு இடம் தாராளமாகிவிடுகிறது. சுத்தமான சத்தம் கூடுகிறது, கரகரப்பு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

இது காரணமா, அல்லது இதுவும் என் மனப்பிரமையா என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. மூஞ்சிக்கல்லில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் டிம்மர்ஸ்டாட் இருக்கிறது, குமிழைச் சுழற்றி மெயின்ஸ் வோல்டேஜை ஏற்றி இறக்கும் கருவி. சுற்றி முடித்த மோட்டாரை மெல்ல வோல்டேஜ் ஏற்றிச் சோதிப்பதற்காக வைத்திருப்பது. கேட்டதும், "ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டாந்துரு" என்று தூக்கிக் கொடுத்தார். பத்துக் கிலோவுக்குக் குறையாது.

ராத்திரி பதினொன்றரை. தபேலா தம்பியை வரச் சொல்லியிருந்தேன். டிம்மர்ஸ்டாட்டும் மீட்டரும் அவன் பக்கம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரே நான்கு கார்டுகளை, அதாவது ஸ்வரக் கூட்டுகளை, திரும்பத் திரும்ப வாசித்தேன். அவன் தன் இஷ்டத்துக்கு மெல்லச் சுழற்ற வேண்டும், எனக்கு அந்தச் சனிக்கிழமை டோன் கேட்டதும் "நிறுத்து" என்பேன், அவன் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் ஏற்பாடு. முதல் தடவை விறைப்பான சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, மேல் ஸ்ட்ரிங்கின் கூர்மை மழுங்கி, ஒரு இடத்தில் கார்டு முழுவதும் ஒரே மூச்சாக மலர்ந்தது. "நிறுத்து." இன்னும் கீழே போகச் சொல்லிப் பார்த்தேன். 180 பக்கம் சத்தம் சோர்ந்து, ஜலதோஷம் பிடித்த குரல் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி மேலே கொண்டுபோய் இறக்கச் சொன்னேன். மூன்று தடவை முடிந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தால் 212, 206, 209. எனக்குச் சிலிர்த்துவிட்டது. மூன்று வாரமாகத் தேடிய டோனுக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது.

டோன் ஒரு பக்கம் இருக்கட்டும், வேறொரு விஷயம் எனக்குக் கவலையாக இருந்தது. வால்வுக்குள் எலக்ட்ரான்கள் கிளம்பும் முனை கேதோடு, போய்ச் சேரும் முனை பிளேட். 6வி6 கேதோடில் 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. ராத்திரி அதன் மேல் 22.3 வோல்ட். 22.3ஐ 470ஆல் வகுத்தால் 47 மில்லியாம்ப். ஸ்கிரீன் என்ற இன்னொரு முனை இழுப்பது ஏறக்குறைய 3 என்று கழித்தால் பிளேட்டுக்கு 44. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவில் 339 வோல்ட். பெருக்கினால் 15 வாட். 6வி6 பிளேட் தாங்கக்கூடியது பழைய கையேடுகளில் 12 வாட், பிற்கால வகைக்கு 14. ஃபிலமென்ட்டும் 6.3 வோல்ட்டில் பத்து சதவீதம் கூட, அதாவது 6.93, என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. சாயங்காலக் கணக்குப் போட்டால் அதே பிளேட் பத்தரை வாட்டில் நிம்மதியாக இருந்தது. ஆக, காதுக்கு எது நன்றாக இருந்ததோ அதுதான் வால்வுக்கும் நல்லதாக இருந்திருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 6வி6ஐ உற்றுப் பார்த்தேன். நல்லவேளை, பிளேட் சிவக்கவில்லை.

வால்வின் சுமையைக் குறைக்க என்னென்னவோ வழி யோசித்தேன். 470க்குப் பதில் 680 ஓம் போடலாம், ரெக்டிஃபையருக்குப் பின்னால் பெரிய ஜீனர் போடலாம், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எதிர்த்திசையில் சீரிஸாகக் கோத்து 20 வோல்ட் கழிக்கலாம். 680 ஓம் வாங்கியும் வைத்தேன். எதையும் பற்றவைப்பதற்கு முன்னால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் வயர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம் என்று சேசிஸைக் கவிழ்த்தேன். பிரைமரியில் இரண்டு வயர் சுவிட்ச்சுக்கும் ஃப்யூஸுக்கும் போயிருந்தன. மூன்றாவது ஒன்று நன்றாக மடிக்கப்பட்டு, ஸ்லீவ் போட்டு, நூலால் கட்டி டிரான்ஸ்ஃபார்மர் அடியில் ஒதுக்கப்பட்டிருந்தது. ஸ்லீவ் மேல் மையில் 240. பயன்பாட்டில் இருந்தது 220.

கட்டியவர் 220க்குக் கட்டியிருக்கிறார். அவர் கட்டியபோது அவர் வீட்டில் அதுதான் வந்திருக்கும். மீட்டரில் ஓம் பார்த்தேன், 0க்கும் 220க்கும் 28, 0க்கும் 240க்கும் 31. சுற்று அதிகம் இருப்பது 240தான், சந்தேகமில்லை. அதில் 230 வோல்ட் கொடுத்தால் ஃபிலமென்ட் 6.04 வர வேண்டும், ஹெச்.டி. 317 வர வேண்டும். நான் தேடிய ஏழு மணிக் கணக்கு 313. காகிதத்தில் இந்த இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தபோது பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

வயரை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது. ஒதுக்கிய 220 வயருக்கும் உயிர் உண்டு, மறக்கக் கூடாது. பிரைமரி சுற்றின் நடுவிலிருந்து வருவதால் அதன் முனையில் மெயின்ஸ் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். இரட்டை ஸ்லீவ் போட்டு, முன்னவர் கட்டிய மாதிரியே நூலால் கட்டினேன். அந்த முடிச்சை அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இனி வேண்டியது, சாயங்காலமும் ராத்திரியும் ஒரே 230. பழைய பெட்டி டிவிக்கு வாங்கிய ஸ்டெபிலைசர் பரணில் கிடந்தது. இப்போதைய டிவிகளுக்கு அது தேவையில்லாததால் பல வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கும். தூசி தட்டி, ரிலே பாயின்ட்டுகளைச் சுத்தம் செய்து, இரண்டு நாள் அளந்து பார்த்தேன். உள்ளே 206க்கும் 247க்கும் நடுவில் ஆடியபோது வெளியே 222க்கும் 236க்கும் நடுவில் நின்றது. போதும். ரிலே மாறும்போது ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய 'டக்' கேட்கும். அது மட்டும்தான் குறை. ஸ்டெபிலைசர் இல்லாமல் 240 வயரை மட்டும் மாற்றியிருந்தால் சாயங்காலம் ஃபிலமென்ட் ஐந்தரைக்குக் கீழே போயிருக்கும். அது வால்வுக்கு ஆகாது. இரண்டும் சேர்ந்துதான் வைத்தியம்.

இப்போது எந்த நேரமும் ஏழு மணி. ஆனால் எந்த நேரமும் கேட்க முடிந்ததால் அந்த டோனின் குறையும் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. வால்யூமை எட்டுக்கு மேல் வைத்தால் கீழ் ஸ்ட்ரிங்குகள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என் கிட்டாரில் ஹம்பக்கர் பிக்கப். சத்தம் பலமாக வரும், அதில் கீழ் ஸ்வரங்கள் இன்னும் பலம். முதல் டிரயோடின் கேதோடில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தது. 5எஃப்1 படத்தில் இந்த இடத்தில் கெப்பாசிட்டர் கிடையாது. கட்டியவர் சத்தம் கூட வேண்டும் என்று சேர்த்திருக்கிறார். அது இருந்தால் அந்தக் கட்டத்தின் பெருக்கம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 25 என்றால் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி இரட்டிப்பு, கிட்டாரின் தடித்த ஸ்ட்ரிங் தரும் 82 ஹெர்ட்ஸுக்கும் சேர்த்து. கெப்பாசிட்டரைச் சிறிதாக்கினால் கீழ் ஸ்வரங்களுக்கு அந்த உதவி கிடைக்காது, மேலே உள்ளவற்றுக்கு மட்டும் கிடைக்கும்.

ஒரு சாயங்காலம் முழுவதும் இதற்காகவே உட்கார்ந்தேன். ஒவ்வொரு மதிப்பாகப் பற்றவைத்து, ஒரே பத்து வினாடி வாசிப்பை ஃபோனில் பதிந்து வைத்தேன். கெப்பாசிட்டரே இல்லாமல்: சுத்தம், சாது, ஆனால் பாகுப்பதம் வருவதற்குள் குமிழ் முடிந்துவிடுகிறது. 0.68: கீழ்ப் பகுதி இறுகி வந்தது. தனி ஸ்வரமாக வாசிப்பவர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் 8 இன்ச் ஸ்பீக்கரும் சின்னப் பெட்டியும் ஏற்கெனவே மெலிந்தவை. ஆறு ஸ்ட்ரிங்கையும் சேர்த்து மீட்டி பாட்டுக்குத் துணை போகிற எனக்கு அடித்தளம் காணாமல் போனது. 2.2: 25க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 1 மைக்ரோஃபாரட் போட்டதும் கீழ் ஸ்ட்ரிங் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது, கார்டு மெலியவும் இல்லை. அதையே வைத்துக்கொண்டேன். 6வி6க்குள் போகும் கப்ளிங் கெப்பாசிட்டரையும் 0.022இலிருந்து 0.01க்கு இறக்கினேன். 6வி6இன் கிரிட்டில், அதாவது சிக்னல் நுழையும் முனையில், இருக்கும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு முந்தின டிரயோடின் தடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கீழ் ஸ்வரங்களை வெட்டும் இடம் 28 ஹெர்ட்ஸிலிருந்து 62க்கு ஏறுகிறது. 82க்குக் கீழே கிட்டாரில் ஸ்வரமே இல்லை, எனவே இழப்பு சொற்பம். கொழகொழப்பு மீதி இருந்ததும் போனது.

கடைசியாக ஃபீட்பேக். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் கொஞ்சத்தை 22 கிலோ ஓம் வழியாக இரண்டாவது டிரயோடின் கேதோடுக்குத் திருப்பி அனுப்பி, உள்ளே வருவதிலிருந்து கழித்துக்கொள்வது இந்தச் சுற்றின் ஏற்பாடு. இதனால் ஆம்ப் அடக்கமாக, சீராக ஒலிக்கும். அந்த வயரைக் கழற்றினால் சத்தம் குதிக்கும், நடுத்தர ஸ்வரங்கள் முன்னால் வந்து நிற்கும், கரகரப்பு சீக்கிரம் ஏறும். மழைநாளில் தனியாக வாசிக்க அது எனக்குப் பிடித்திருந்தது. பாடகர் குழுவுக்கு அது சரிவராது, பாடுகிறவர்களின் குரல் இருக்கும் இடத்தில் கிட்டார் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனவே நடுவில் ஆஃப் ஆகும் டாகிள் சுவிட்ச் ஒன்றைப் பின்பக்கம் வைத்தேன். மேலே தள்ளினால் 22, கீழே தள்ளினால் 47, நடுவில் ஃபீட்பேக் இல்லை. 47தான் பெரும்பாலும் ஓடுகிறது.

சுவிட்ச் வைத்த அன்று வால்யூம் எட்டைத் தாண்டியதும் ஆம்ப் விசில் அடித்தது. சுவிட்ச்சுக்குப் போன வயரைச் சுருக்கு வழியாக இன்புட் ஜாக் பக்கத்தில் ஓடவிட்டிருந்தேன். ஸ்பீக்கர் சத்தத்தைச் சுமக்கும் வயர் முதல் கிரிட் பக்கத்தில் போனால் அது தன் சத்தத்தைத் தானே கேட்டுப் பெருக்க ஆரம்பித்துவிடும். கழற்றி, சேசிஸ் மூலையை ஒட்டிச் சுற்றுவழியில் கொண்டுபோய், வேறு வயரைத் தாண்ட வேண்டிய ஒரே இடத்தில் குறுக்காகத் தாண்ட வைத்தேன். விசில் நின்றது. முதலில் கட்டியவர் வயர்களை ஏன் அப்படி மூலையோடு மூலையாக ஓட்டியிருந்தார் என்பது அப்போது கைக்குப் புரிந்தது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பனிமூட்டம் இறங்கிய நாட்களில் ஆம்ப் ஆன் செய்ததும் அரை மணி நேரம் பொரிகிற மாதிரி சத்தம் வரும். பொருட்களைத் தாங்கி நிற்கும் கறுப்பு ஃபைபர் போர்டுதான் காரணம். அது ஈரத்தைக் குடிக்கும், குடித்த ஈரத்தின் வழியாக ஹெச்.டி. கசியும். எந்தப் பற்றும் இல்லாத வெறும் போர்டு மேல் மீட்டர் முனையை வைத்தேன், 3 வோல்ட் காட்டியது. இங்கே துணி பீரோவிலும் கேமரா அலமாரியிலும் பூஞ்சை வராமலிருக்க ஒரு குண்டு பல்ப் எரியவிடுவார்களே, அதே வைத்தியம்தான். சேசிஸை மட்டும் அலமாரியில் வைத்து, 15 வாட் பல்ப் போட்டு மூன்று ராத்திரி விட்டேன். 3 வோல்ட் 0.4 ஆனது, பொரியல் நின்றது. இப்போது வாசிக்காத நாட்களில் ஆம்ப் அந்த அலமாரியில்தான். ஸ்பீக்கர் காகிதமும் இதனால் விறைப்பாக இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு இடத்தில் பசை விட்டிருக்கிறது, வெயில் காலத்தில் மதுரைக்குக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும்.

680 ஓம் ரெசிஸ்டர் பிரிக்காத கவரில் டப்பாவில் இருக்கிறது. டிம்மர்ஸ்டாட்டை ஞாயிற்றுக்கிழமையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் கடையில் ஆம்ப்பை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

நோட்டில் கடைசி வரி, தை மாதம் இரண்டாவது வெள்ளி, இரவு 11.10: லைன் 246. ஸ்டெபிலைசர் 231. ஃபிலமென்ட் 6.05. ஹெச்.டி. 318. கேதோடு 19.1. வால்யூம் சாக்பீஸ் கோட்டில், ஃபீட்பேக் 47. நன்று.